பெர்சிமன் மரமும் பதினோரு கையெழுத்தும்

மரத்தை வெட்டியே தீருவது என்று யோஸ்ட் முடிவெடுத்தபோது அவன் பேன்ட்டின் பின்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது.

முற்றத்து பெர்சிமன் மரம் நவம்பரில் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, தக்காளி போன்ற பழங்களை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். கனிந்து விழுந்தால் கூழ்தான். அன்று காலை ஒன்று அவன் சைக்கிள் சீட்டில் விழுந்திருந்தது. ஏழு இருபது ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் பார்க்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டான். மொன்ஸாவிலிருந்து மிலான் வரை, அவ்வளவு கூட்டத்திலும் யாரும் அவனை நெருங்கி நிற்கவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டான். ஆபீஸ் வரவேற்பில் இருந்த பெண்தான் விஷயத்தைச் சொன்னாள்.

யோஸ்ட் ஹாலந்துக்காரன். மொன்ஸாவுக்கு வந்த ஐந்து வருஷத்தில் ஊரே அதை மறந்துவிட்டதாக அவனுக்கொரு நம்பிக்கை. உள்ளூர்க்காரர்களைப் போலவே மதியத்துக்கு மேல் பால் கலந்த காபியைத் தொடமாட்டான். தொடுகிற வெளிநாட்டுக்காரனைக் கண்டால் அவனுக்கும் சேர்த்து இவன் கூசுவான். பேங்கிலும் குழாய் ரிப்பேர்காரனிடமும் மனைவி மர்லேனுக்காக இவனேதான் பேசுவான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள், அவளுக்கு எங்கே பாஷை வரப்போகிறது? மூன்றாம் மாடி ஓர்னெல்லா அம்மாள் மர்லேனை 'நீ' என்பாள், இவனை மட்டும் இன்றைக்கும் 'நீங்க' என்பாள். அதையும் மரியாதையில் சேர்த்துக்கொண்டான்.

கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு வீட்டுக்காரர்கள் கூட்டம். மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சைக்கிள் ஷெட் போடவேண்டும் என்று யோஸ்ட் எழுதிக் கொடுத்தான், அது மூன்றாவது தீர்மானமாக ஏறியது. பிறகு வீடு வீடாகப் போனான். மரத்தை நட்டது ஓர்னெல்லா அம்மாளின் மாமனார் என்பதால் அந்த ஒரு கதவை மட்டும் தட்டவில்லை. மற்ற பத்து வீட்டிலும் காபி கிடைத்தது, தலையாட்டல் கிடைத்தது.

"பத்து வீடும் நம்ம பக்கம்" என்றான் மர்லேனிடம்.

"என்ன சொன்னாங்க?"

"பார்க்கலாம்னாங்க."

"இந்த ஊர்ல அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு தெரியுமாப்பா உனக்கு?"

"இந்த ஊரைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தரப்போறியா?"

மர்லேன் ரொட்டி அறுப்பதை நிறுத்தினாள். "நாம வந்த புதுசுல நீ காலைல போனா இருட்டினப்புறம்தான் வருவே. நாள் பூரா என்கிட்ட பேச ஒரு ஆள் கிடையாது. உட்கார்ந்து அழுவேன். ஓர்னெல்லா அம்மாதான் ஒரு பெட்டிப் பழத்தோட வந்து கதவைத் தட்டினாங்க. அந்த மரம் எனக்கு வேணும், யோஸ்ட்."

அவள் அழுதது அவனுக்கு இதுவரை தெரியாது. மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. ஆனால் பேன்ட் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஷெட் வந்தால் அங்கேயும் நாலு பேர் நின்று பேசலாமே என்று சமாதானம் சொல்லிவிட்டுப் படுத்தான்.

வியாழன் காலை அவன் ஷூ மாட்டும்போது, வீட்டின் ஓட்டை அவளே போடலாம் என்று எழுதிய ஒரு தாளோடு மர்லேன் வந்தாள். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, ஆனால் ஓட்டு ஒருவர்தான் போடலாம், சாயங்காலம் ரயில் தாமதமானால் நம் ஓட்டே போய்விடுமே என்றாள். கடைசியில் வழிக்கு வந்துவிட்டாளே என்று அவனுக்குச் சந்தோஷம். முழங்காலில் வைத்தே கையெழுத்துப் போட்டான், வழக்கமான சுழியோடு.

"மூணாவது தீர்மானம் வரும்போது கையைத் தூக்கு, போதும். பேசுறதை நான் பாத்துக்கறேன்."

"நீயே பேசுப்பா" என்றாள்.

அன்றைக்கென்று ரயில் நிமிஷம் பிசகாமல் வந்தது. தரைத்தள அறைக்குள் ஓடிப்போய்ப் பார்த்தால் பன்னிரண்டு நாற்காலி, இரண்டே பெண்கள்: மர்லேனும் ஓர்னெல்லா அம்மாளும். எதிரே கட்டடத்தின் நிர்வாகி கெரார்தி, ஆள் வராத கவலையே இல்லாமல் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கூட்டங்களுக்கு யாரும் நேரில் வருவதில்லை, தங்கள் ஓட்டைப் போடும் உரிமையை நம்பிக்கையான ஒருவருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். யோஸ்ட்டுக்கு அது தெரிய வழியில்லை. இதுவரை எல்லாக் கூட்டத்துக்கும், சும்மா உட்கார்ந்துவிட்டு வரட்டும் என்று மர்லேனைத்தான் அனுப்பியிருந்தான்.

பன்னிரண்டு நிமிஷம் பேசினான். இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. கெரார்தி அவன் மொழியைப் பாராட்டிவிட்டு, ஓட்டுச் சீட்டுகள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டார்.

மர்லேன் பையைத் திறந்து பதினோரு தாள்களை மேஜைமேல் வைத்தாள். வைத்துக்கொண்டே மொன்ஸாவின் பழைய நாட்டுப்புறப் பேச்சில் ஏதோ சொன்னாள். கெரார்தி கண்ணில் நீர் வரச் சிரித்தார், ஓர்னெல்லா அம்மாள் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். ஒன்றும் புரியாமல் யோஸ்ட்டும் சற்றுத் தாமதமாகச் சிரித்துவைத்தான்.

"வெட்ட வேண்டாம், பன்னிரண்டு. வெட்டலாம், யாருமில்லை" என்று கெரார்தி எழுதிக்கொண்டார்.

"என் ஓட்டு?"

கெரார்தி பதினோராவது தாளை மரியாதையாக அவன் பக்கம் திருப்பினார். சுழி அழகாக விழுந்திருந்தது.

அதற்குள் நாலாவது தீர்மானம் வந்துவிட்டது. லிஃப்ட் ரிப்பேரை ஏன் இழுத்தடிக்கிறீர்கள் என்று மர்லேன் கெரார்தியைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள், அவர் அவசரமாக ஃபைலைப் புரட்டினார். யோஸ்ட்டுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. தன் பெண்டாட்டியா இவள் என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

கூட்டம் முடிந்ததும் ஓர்னெல்லா அம்மாள் ஒரு பை நிறையப் பழத்தை அவன் கையில் திணித்தாள்.

"மனசை விட்டுடாதீங்க. உங்க வீட்டுக்காரி எங்க ஊர்ப் பொண்ணு. நீங்களும் இன்னும் கொஞ்ச நாள் எங்க ஊர்ல இருந்து பாருங்க, எல்லாம் பழகிடும்."