கிருஷிகனை எல்லோருக்கும் தெரியும்

“ஆரடி உந்தக் கிருஷிகன்?”

குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்த லக்ஷனாவை அம்மா வாசலிலேயே மறித்தார். கையில் லீக்ஸ் மரக்கறி வெட்டும் கத்தி இருந்தது. அதைக் கீழே வைக்கிற எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

லக்ஷனாவுக்கு ஒரு பழக்கம். எழுதிய வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் அது சரியா பிழையா என்று பிடிபடும். தண்ணீரைத் திறந்துவிட்டால் சத்தம் வெளியே போகாது என்று நம்பியிருந்தாள். ‘கிருஷிகன், உன்னைத் தவிர எனக்கு ஒருத்தருமில்லை’ என்ற வரியை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். நாலு விதமும் சமையலறைக்குக் கேட்டுவிட்டது. சொன்னதென்னவோ பிரெஞ்சில்தான். ஆனால் அம்மா கலாவதிக்குக் காதல் விஷயம் எந்தப் பாஷையில் பேசினாலும் விளங்கும்.

கிருஷிகன் என்று ஒருவன் இல்லை என்பதுதான் உண்மை. அவள் போனில் எழுதிக்கொண்டிருந்த நாவலின் இளவரசன் அவன். வடக்கே, ஏறி முடியாத ஒரு கோபுரத்தின் உச்சியில், ஒற்றைக்கண் வெள்ளைப் பூனையோடு அடைபட்டுக் கிடக்கிறான். இடது புருவத்தில் தழும்பு. வாசலில் இரும்பு அகப்பை ஏந்திய காவல்காரி. புத்தகங்களைத் தவிர வேறு துணையில்லாத ஒரு பெண் அவனைத் தேடிப் போகிறாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். போன வருடம் இன்னொரு கதையைப் பற்றி அப்படித்தான் சொன்னாள். அடுத்த நாளே அம்மா போய்ச் சொல்லி, ரூ காய் தெருச் சேலைக்கடை முழுவதும் ‘பிள்ளை, என்ர பேரையும் போடு’ என்று நின்றது. அந்தக் கதை அன்றோடு செத்தது. கிருஷிகனைச் சாகக் கொடுக்க அவளால் முடியாது. பதினெட்டு வயதாகிறது, லிசே உயர்பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தனியாக நூலகத்தில் கழிக்கிறாள். இந்த உலகத்தில் அவளுக்கென்று இருப்பவன் அவன் ஒருவன். அவனும் இல்லை என்று அவள் வாயாலேயே எப்படிச் சொல்வது?

“கூடப் படிக்கிற பெடியன்” என்றாள். பொய் சொல்லும்போது மட்டும் அவளுக்குத் தமிழ் தடங்கலில்லாமல் வரும்.

“தமிழ்ப் பெடியனோ?”

“ஓம்.”

“எந்த ஊர்?”

“பரிஸ்.”

“அது இப்ப இருக்கிற இடம். ஊர் எது?”

“அளவெட்டி.”

“அளவெட்டியிலை எங்கை?”

“கோயிலடி.” கோயில் இல்லாத ஊர் இருக்காது என்று ஒரு துணிச்சல்.

“எந்தக் கோயில்?”

“பிள்ளையார் கோயில்.”

“ஆற்றை மோன்?”

“சுகிர்தம் அன்ரியின்ர.”

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று லக்ஷனாவுக்கே தெரியவில்லை. யாரோ எடுத்துக் கொடுத்ததுபோல நாக்கில் வந்து நின்றது.

அப்போது எதிரே இருந்த சமையலறை அசையாமல் போனது. சோற்றுப் பானையின் ஆவி பாதியில் தொங்கியது. ஜன்னலுக்கு வெளியே பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்த மெத்ரோ ரயில், ஒட்டிவைத்த படம்போல நடுவழியில் நின்றது. லக்ஷனா பயப்படவில்லை. அவளுக்கு இது அடிக்கடி நடக்கும். நிறையப் படிப்பதால் கண்ணாடியை மாற்ற வேண்டும்போல என்று நினைத்துக்கொள்வாள்.

பிறகு மெத்ரோ நகர்ந்தது. பச்சைச் சட்டையில் லீக்ஸ் கத்தியோடு நின்ற அம்மா, இப்போது மஞ்சள் சட்டையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடியை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

“அப்பா வேலையால வரட்டும், கதைப்பம்” என்றார் அம்மா.

லக்ஷனாவுக்கு மூச்சு வந்தது. அப்பா வேலையிலிருந்து வருவதேயில்லை. ரெஸ்ரோறண்ட் வேலை என்றால் அப்படித்தான். கடைசியாக அவரை எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள். முகம் வரவில்லை. மீசை இருந்ததா?

அப்பாவுக்காகக் காத்திருக்கிற பொறுமை அம்மாவுக்கும் இல்லை. அடுத்த நாள் பின்னேரமே மகளை இழுத்துக்கொண்டு பிலிப் அண்ணையின் மரக்கறிக் கடைக்குப் போய்விட்டார். ஒரு முருங்கைக்காயை எடுத்து முறுக்கிப் பார்த்தபடி, ஏதோ விலை கேட்பதுபோலக் கேட்டார்.

“பிலிப் அண்ணை, அளவெட்டிச் சுகிர்தத்தைத் தெரியுமோ? மோன் கிருஷிகன் எண்டு...”

லக்ஷனா மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் கடைக்காரரை அவள் கண்டதில்லை. பிலிப் மாமா எப்படியும் ‘தெரியும்’ என்பார். பிறகு உளறுவார். அதோடு அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

“தெரியாமலோ!” என்றார் பிலிப். “செவ்ரானிலை இருக்கினம். ஒன்பதாம் மாடி. லிஃப்ட் ஒரு நாளும் வேலை செய்யாது. அரிசி மூட்டையோடை ஒருக்கா ஏறினன், தங்கச்சி, அண்டைக்குப் போன இடுப்பு இன்னும் திரும்பி வரேல்லை.”

“பெடியன் எப்பிடி?”

“சோலியில்லாத பெடியன். இஞ்சை வந்தா ஒண்டும் வாங்கமாட்டான். வெங்காயத்துக்குப் பக்கத்திலை நிண்டு சனம் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு நிப்பான். இஞ்சை, இடது புருவத்திலை ஒரு காயம்.” தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். “சின்னனிலை மேசையிலை மோதினதாம். ஒரு பூனை வளக்கிறான். வெள்ளை. ஒரு கண் இல்லை. அதுக்கும் சேத்துத் தாய்தான் இந்தக் கடையிலை மீன் ரின் எடுக்கிறது.”

லக்ஷனாவின் முதுகில் யாரோ ஈரக்கையை வைத்ததுபோல இருந்தது. பூனையைப் பற்றி அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்த அத்தியாயத்தைக் குளியலறையில்கூட வாசிக்கவில்லை.

“மாமா, அந்தப் பெடியனை நீங்கள் உண்மையா பாத்தனீங்களோ?”

பிலிப் அவளைப் பார்த்தார். எதையோ மறந்துவிட்டு நினைவுபடுத்துகிறவர்போலக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, “முருங்கைக்காய் எத்தினை?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் வேலை, கிருஷிகனின் நட்சத்திரம் கேட்டது.

“அம்மா! எனக்கு லிசே முடிக்கிற பக் சோதினை வருது!”

“இப்ப கட்டிவைக்கிறன் எண்டே சொன்னனான்? பொருந்துதோ எண்டு பாத்து வைச்சா, அஞ்சு வருசத்துக்குப் பயமில்லாமல் நித்திரை கொள்ளலாம்.”

லக்ஷனாவுக்கு வழி தெரிந்தது. பொருந்தாத சாதகத்தைக் கொடுத்தால் கதை முடிந்தது. நாவலில் இளவரசன் கிரகண வேளையில் பிறந்த சபிக்கப்பட்டவன். இணையத்தில் தேடி, அப்படியொரு கிரகண நாளையும் நேரத்தையும் எடுத்துக் கொடுத்தாள். இதைவிட மோசமான நேரம் பஞ்சாங்கத்தில் இருக்காது.

வாமதேவன் சாத்திரியார், ஒரு நகைக்கடைக்கு மேலே, மடிக்கணினியும் அச்சுப்பொறியும் ஊதுபத்தியுமாக இருந்தார். விவரங்களைத் தட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“ராச சாதகம்” என்றார்.

“கிரகணம்...” என்றாள் லக்ஷனா ஈனக்குரலில்.

“அது ஆகாத ஆக்களுக்குத்தான் ஆகாது. பெடியன் கிருஷிகன் எல்லோ? இவன் போன மாசம் இஞ்சை வந்தவன். பொருத்தம் எண்டா என்னென்ன பாக்கிறது, ஆர் ஆர் வந்து பாக்கிறவை, தாய்மார் என்ன கேக்கிறவை எண்டு நோண்டி நோண்டிக் கேட்டவன்.”

“பாத்தியே!” அம்மா மகளின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். “பெடியனும் அவசரமாத்தான் நிக்கிறான்!”

“நட்சத்திரத்தை வைச்சுப் பாத்தா பத்துக்குப் பத்து. ஆனா...” சாத்திரியார் திரையை உற்றுப் பார்த்தார். “பிள்ளையின்ர சாதகத்தைத்தான் கொம்பியூட்டர் எடுக்குதில்லை. பிறந்த நேரத்தைப் போடப் போட அழியுது. பிள்ளை எந்த ஆஸ்பத்திரியிலை பிறந்தது?”

அம்மா வாயைத் திறந்தார். மூடினார். ஒரு கணம் அவருடைய முகத்தில் ஒன்றுமே இல்லை. எழுதாத தாள்போல இருந்தது.

“பிள்ளை பெத்த மயக்கத்திலை ஆருக்கு ஆஸ்பத்திரிப் பேர் ஞாபகம் இருக்கும்?” என்றார் கடைசியில்.

“அதுவும் சரிதான்” என்று சாத்திரியார் கணினியின் தலையில் ஒரு அடி போட்டார்.

அன்று பின்னேரம் லக்ஷனா முடிவெடுத்தாள். மனசு கேட்கவில்லை, ஆனாலும் வேறு வழியில்லை. கட்டிலில் குந்தியிருந்து போனைத் திறந்து, ‘கோபுரத்திலிருந்து விழுந்து இளவரசன் இறந்தான்’ என்று எழுதினாள். அழுதுகொண்டே எழுதினாள்.

எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன. ‘இறந்தான்’ போனது. ‘இளவரசன்’ போனது. அவள் விரல் எதையும் தொடவில்லை. மறுபடி எழுதினாள். மறுபடி அழிந்தது, இந்த முறை கொஞ்சம் கோபமாக அழிந்ததுபோல இருந்தது.

போனைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு சமையலறைக்கு ஓடினாள்.

“அம்மா, நான் சொன்னது முழுக்கப் பொய். கிருஷிகன் எண்டு ஒருத்தரும் இல்லை. நான் கதையிலை எழுதின ஆள்.”

அம்மா பலகாரத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தார். திரும்பக்கூட இல்லை.

“பிலிப் அண்ணை கண்டிருக்கிறார். சாத்திரியார் கண்டிருக்கிறார். சுகிர்தம் வீட்டு மாடிப்படி ஏறி ஒரு மனிசன்ர இடுப்பே போயிருக்கு. நீ இல்லை எண்டுறாய்!”

“உண்மையா, அம்மா!”

“வெக்கப்படாதை. சனிக்கிழமை மத்தியானம் போறம். பெண் வீட்டுக்காரர் முதல் போனா மரியாதையில்லை எண்டுதான் சொல்லுவினம். பெடியன் சாத்திரியாரட்டை வந்திட்டான் எல்லோ, அது அவை முதல் வந்ததாத்தான் கணக்கு.”

“அப்பா?”

“வேலையால அப்பிடியே வருவார்.”

சனிக்கிழமை கார் து நோர்ட் நிலையத்தில் ரயில் ஏறினார்கள். அம்மாவின் மடியில் பயத்தம்பணியாரப் பெட்டி இருந்தது. வழியில் இரண்டு தடவை ரயில் அசையாமல் நின்றது. ஸ்ரேசனில் நிற்பதுபோல அல்ல. எதிரே கொட்டாவி விட்ட பெண்ணின் வாய் திறந்தபடியே இருந்தது. இரண்டாம் முறை எல்லாம் மறுபடி நகர்ந்தபோது அம்மாவின் மடியில் பணியாரப் பெட்டிக்குப் பதில் வாழைப்பழக் கேக் இருந்தது. அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“அம்மா, எங்கள் வீட்டு இலக்கம் என்ன?” என்று லக்ஷனா திடீரென்று கேட்டாள்.

“விசர்க் கேள்வி கேளாதை. முடியைச் சரியாக் கட்டு.”

செவ்ரானில் அந்தக் கட்டடம் அவள் எழுதியதுபோலவே வானத்துக்குள் போய் நின்றது. லிஃப்டில் ‘வேலை செய்யாது’ என்று ஒட்டியிருந்த தாள் வெயிலில் மஞ்சளாகியிருந்தது. ஏறினார்கள். அம்மா ஒவ்வொரு மாடியிலும் பிலிப் அண்ணையின் இடுப்பை நினைத்து இரக்கப்பட்டார்.

ஒன்பதாம் மாடிப் படியில் ஒரு வெள்ளைப் பூனை படுத்திருந்தது. ஒற்றைக்கண்ணால் அவர்களைப் பார்த்தது. உடம்பை வளைத்து, மயிர் சிலிர்க்க, சுவரோடு ஒட்டிக்கொண்டது.

லக்ஷனா படியிலேயே நின்றுவிட்டாள். பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அவன் இருக்கிறான். அவள் கற்பனை செய்தவன், அவளுக்கென்று ஒருவன், இந்தக் கதவுக்குப் பின்னால் உண்மையாகவே இருக்கிறான். இனி நூலகத்தில் தனியே இருக்கத் தேவையில்லை. பார்த்ததும் என்ன சொல்வது? நாலு விதமாகச் சொல்லிப் பார்த்த வரி ஒன்று கைவசம் இருந்தது.

கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டக், டக், டக். விசைப்பலகையில் யாரோ தட்டுகிற சத்தம்.

அவள் ஓரடி வைத்தாள். சத்தம் கேட்டது. இன்னோரடி வைத்தாள். மறுபடி கேட்டது. மூன்றாம் அடியில்தான் கவனித்தாள்: அடி வைத்த பிறகு சத்தம் வரவில்லை. சத்தம் வந்த பிறகுதான் அவள் அடி வைத்துக்கொண்டிருந்தாள்.

“மணியை அடி” என்றார் அம்மா. அதற்கும் முன்னால் டக், டக் கேட்டது.

லக்ஷனாவின் விரல் மணியை அழுத்தியது. உள்ளே மணி அடித்தது.

தட்டுகிற சத்தம் நின்றது.

அம்மாவின் முகத்தில் சம்பந்தி வீட்டுச் சிரிப்பு பாதியில் நின்றது. லக்ஷனாவின் விரல் மணியிலிருந்து இறங்கவில்லை. இறக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணை மட்டும்தான் அசைக்க முடிந்தது.

கதவு திறந்தது. இரும்பு அகப்பையோடு ஒரு பெண்மணி தலையை நீட்டினார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். இருவருக்கும் ஊடாக மாடிப்படியைப் பார்த்தார். பூனையைக் கண்டு, “சூ, உள்ளை வா” என்றார். பிறகு வீட்டுக்குள் திரும்பிச் சத்தம் வைத்தார்:

“ஒருத்தரும் இல்லை, கிருஷிகன்! உன்ர கதையிலை வாற தாயும் மோளும்தான் மணி அடிச்சிருப்பினம். எழுதினது காணும், சோறு ஆறுது, வந்து சாப்பிடு!”