சங்கிலிமுத்து தராத டப்பி

"உயிரே போனாலும் தர மாட்டேன்" என்று சங்கிலிமுத்து சபதம் எடுத்தார். யாரும் அவருடைய நிலத்தைக் கேட்கவில்லை. கேட்டது மலம். அதுவும் கடுகளவு.

விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் அவர் ஃபோர்மேன். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் அவர்கள் வீட்டுக்காரிகளுக்கும் மருத்துவ முகாமில் ஆளுக்கொரு டப்பி கொடுத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருந்தாலும் சோதனை காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"நூறு பேருக்கு வேலை சொல்றவன், டப்பியோட வரிசையில நிக்கவா? ஏ புள்ள, உன்னுதையே ரெண்டுலயும் போட்டுக் குடுத்துரு."

"சரிங்க" என்றாள் மனைவி பாலம்மாள்.

இருபத்தெட்டு வருசத்தில் அவள் இவ்வளவு சுளுவாகச் சரி சொன்னதே இல்லை. மனுசன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

பத்தாம் நாள் போன் வந்தது. சங்கிலிமுத்து பேர் போட்ட டப்பியில் ரத்தம் இருக்கிறது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்.

பேர்தான் அவருடையது. ரத்தம் அவளுடையதல்லவா!

"உன் பேர்ல உள்ளது என்னாச்சு?"

"அது இன்னும் வரல."

"கிளம்பு, விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு."

"ஆத்தாடி, குழாயா! எம்புட்டு நீளமோ! நீங்க முதல்ல பண்ணிக்கோங்க. ஒண்ணும் செய்யலைன்னா நான் படுக்கேன்."

அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மானமாவது, மண்ணாவது! ஒத்துக்கொண்டார்.

குடலைக் கழுவ மருந்துத் தண்ணீர் குடித்தார். பத்தாயிரம் வாலா தோற்றது. கம்பெனிச் சரக்குகூட அப்படி விடாமல் வெடித்ததில்லை.

லேசான மயக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தபடி, குழாய் நுனிக் கேமரா காட்டியதைத் திரையில் பார்த்தார். ரோஜா நிறத்தில் ஈரம் மின்னும் குகை. ஒரு வளைவு திரும்பினால் இன்னொரு குகை. பூப்பின்னல் மாதிரி ரத்த நாளங்கள். வானத்தில் எத்தனையோ பூ விரித்துப் பார்த்த கண்ணுக்கு, வயிற்றுக்குள் இப்படியொரு வானம் இருப்பது தெரியாமலே போயிற்றே!

"டாக்டரய்யா, இதெல்லாம் என்னுதா?"

"உங்களுதுதான். அந்தப் புடைப்பும் உங்களுதுதான்."

மொச்சைக்கொட்டை அளவில் ஒரு சதை. டாக்டர் குழாய் வழியே சுருக்கு மாட்டி, கண்ணெதிரே அறுத்து எடுத்தார். வலி துளியும் இல்லை.

"பரிசோதனைக்கு அனுப்புறேன். பாத்தா பயப்படுற மாதிரி இல்ல. விட்டிருந்தா பின்னாடி புற்றுநோயா மாறியிருக்கலாம். நல்ல நேரத்துல வந்தீங்க."

வெளியே வந்ததும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் பயமில்ல புள்ள. அதிசயம்! இப்ப நீ போ."

"நான் எதுக்கு? என்னுது நல்லா இருக்குன்னு அன்னைக்கே சொல்லிட்டாக."

"அப்ப என் டப்பியில இருந்தது?"

"உங்களுதேதான்."

"நான்தான் தரவேயில்லையே!"

"டப்பியைத் திருப்பிக் குடுக்கிற அன்னைக்குக் காலையில கக்கூஸ்ல தண்ணி வரலைன்னு கத்துனீகள்ல? 'வெளிய வாங்க, நான் ஊத்திக்கிறேன்'னு குடத்தோட நின்னேனே. குழாயை அடைச்சதே நான்தான்."

அதிசயம் குடலில் மட்டும் இல்லை என்று சங்கிலிமுத்துவுக்கு விளங்கியது. திறந்த வாய் திறந்தபடி நின்றார்.

"வாயை மூடுங்க. டாக்டர் பாத்தா அந்தப் பக்கமும் குழாயை விட்டுருவாரு."