பேர் வெட்டிய பதினோரு தட்டுகள்

என் மாமியாரை விவேக் நகரில் ஒரு சந்து முழுவதற்கும் திருடியாக்கியவள் நான்தான். கிறிஸ்துமஸ் அன்று காலையில், புதுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய், சிரித்த முகத்தோடு செய்தேன். எதிரி யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக முடித்திருக்க மாட்டான். நான் திட்டம் எதுவும் போடவில்லை. அன்பாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் கோலார் தங்கவயல் பெண். முருகனைக் கும்பிடுகிற குடும்பம். வேலை பார்த்த இடத்தில் பிரான்சிஸைப் பார்த்து, பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் ஆறு மாதம் யாருக்கும் சோறு இறங்காமல் செய்து, ஒருவழியாக அந்த செப்டம்பரில் கல்யாணம் முடிந்திருந்தது. மாமியார் அருள்மேரி என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் மருமகள் என்றும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "நம்ம பிரான்சிஸு கட்டிக்கினு வந்த பொண்ணு" என்பார். (ஏதோ மழைக்கு ஒதுங்கியவள் அப்படியே தங்கிவிட்ட மாதிரி.) அந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் வாழ்க்கையின் ஒரே லட்சியம். கிறிஸ்துமஸுக்குள் வாங்கிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

டிசம்பர் பிறந்ததும் மாடாக உழைத்தேன். கல்கல் என்கிற பொரித்த இனிப்பைச் செய்வதற்கு மாவைப் புதுச் சீப்பின் பல்லில் வைத்து ஒவ்வொன்றாக உருட்டியதில் என் கட்டைவிரலில் நிரந்தரமாகக் கோடு விழுந்துவிட்டது. அச்சு முறுக்கு, அச்சை விட்டு வரவே மாட்டேன் என்றது. கேக்குக்கு முந்திரி நறுக்கிய அன்று விரலையும் கொஞ்சம் நறுக்கினேன். மாமியார் எல்லாவற்றையும் பார்த்து "ம்" என்றார். அந்த "ம்" மருமகளை நோக்கி நகர்கிற "ம்" என்று பிரான்சிஸிடம் சொன்னேன். அவன் ஒரு கல்கலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

எங்கள் சந்தில் எங்களைத் தவிர பதினோரு வீடுகள். உகாதிக்கு எதிர்வீட்டுக் கமலம்மாவிடமிருந்து ஒப்பட்டு, அதாவது போளி, வரும், ரம்ஜானுக்குப் பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் போகும். கிறிஸ்துமஸ் காலையில் மாமியார் பாடற்குழுவில் பாட வேண்டும் என்று பிரான்சிஸோடு கோயிலுக்குக் கிளம்பினார். போகும்போது என்னிடம், "பூசை முடிஞ்சி நாங்க வர்றதுக்குள்ள எல்லா வூட்டுக்கும் பலகாரம் குடுத்துடு. தட்டு பரண்ல இருக்குது" என்றார். நாலு மாதத்தில் அவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பரணில் ஏறினேன். முன்னாலேயே பாக்குமட்டைத் தட்டுகள் ஒரு கட்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. பின்னால், பழைய புடவையில் இறுக்கிக் கட்டிய ஒரு மூட்டை இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். எவர்சில்வர் தட்டுகள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு பெயர் வெட்டியிருந்தது. ஸ்டெல்லா. கன்னடத்தில் கமலம்மா. தெரசா விக்டர். நூர்ஜஹான். எண்ணினால் பதினோரு தட்டு, பதினோரு வீடு. மாமியார் ஒரு வீட்டைக்கூட விடவில்லை. (அதை அன்று நான் பெருந்தன்மை என்று நினைத்தேன்.)

என் அம்மா எங்கள் பாத்திரங்களில் பெயர் வெட்டியதே இல்லை. யாரும் ஆசைப்பட்டு வைத்துக்கொள்கிற மாதிரி பாத்திரம் எங்களிடம் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் பெயர் வெட்டிய பாத்திரம் என்றால் அது கல்யாணத்துக்கோ வளைகாப்புக்கோ வந்த பரிசு. ஆகவே என் மூளை ஒரே நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணின் பெயரையும் வெட்டி, ரகசியமாகப் பரிசு வாங்கி வைத்திருக்கிறார் என் மாமியார். எவ்வளவு பெரிய மனசு என்று கண் கலங்கியது. தட்டுகள் கீறல் விழுந்து பழசாக இருந்தது என் கண்ணில் படாமலில்லை. செகண்ட் ஹாண்டில் வாங்கிப் பெயர் வெட்டியிருக்கிறார், சிக்கனமான குடும்பம் என்று அதற்கும் ஒரு பாராட்டு வைத்தேன்.

பலகாரத்தை அடுக்கிக்கொண்டு முதலில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் போனேன். சும்மா கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை.

"தட்டைத் திருப்பிப் பாருங்கக்கா. உங்க பேருதான். அத்தை உங்களுக்காகவே ரொம்ப நாளா எடுத்து வெச்சிருந்தாங்க" என்றேன்.

அக்கா பலகாரத்தை ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டுத் தட்டைத் திருப்பினார். முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அது அவருடைய கல்யாணத் தட்டு. அதை எதிர்வீட்டுக் கமலம்மா அமுக்கிவிட்டார் என்று பல வருடங்களாக அவருடன் இவர் பேசுவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாது. நேராக எதிர்வீட்டுக் கமலம்மாவிடம்தான் போனேன். அங்கேயும் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். கன்னடம் எழுத்துக்கூட்டிப் படித்து வேறு காட்டினேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் விக்டர் சார், தட்டில் இறந்துபோன மனைவியின் பெயரைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தட்டுக்காக அவர் மனைவி பீரோவை நகர்த்திக்கூடத் தேடினாராம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸ் என்றால் இதுதான் என்று தோன்றியது. மிச்ச எட்டு வீட்டுக்கும் இன்னும் வேகமாக நடந்தேன்.

பூசை முடிந்து மாமியார் வந்தபோது எங்கள் கேட்டின் முன் சந்து மொத்தமும் கையில் ஆளுக்கொரு தட்டோடு நின்றிருந்தது. வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று அவரும் நினைத்து, சிரித்துக்கொண்டே ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஸ்டெல்லா அக்கா தட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். மாமியார் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பரண்ல பாக்குமட்டத் தட்டு இருந்துச்சே."

"இருந்துச்சு அத்தை. ஆனா அதுல பேரு இல்ல."

பிறகு மாமியார் என் பக்கம் கையை நீட்டி, சந்து மொத்தத்துக்கும் கேட்கும்படி, "எல்லாம் என் மருமக பண்ண வேல" என்றார்.

அவமானத்தில் சாக வேண்டிய இடம். எனக்கோ உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கிடைத்துவிட்டது. சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, பிரான்சிஸ் என் முழங்கையைக் கிள்ளினான்.

"தட்டைத் தூக்கிப் பரண்ல வெச்சது மருமகளா? அப்ப அவ மூணாங் கிளாஸு படிச்சிக்கினு இருந்திருப்பா" என்றார் ஸ்டெல்லா அக்கா.

மாமியாருக்கு வேறு வழியில்லை, உண்மையைச் சொன்னார். பண்டிகைக்குப் பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஏதாவது நல்லதாகச் செய்யும்போது வைத்துக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தார். நல்லதாகச் செய்தபோது தட்டு ஞாபகம் வரவில்லை. தட்டு ஞாபகம் வந்தபோது, இத்தனை வருடம் கழித்து எப்படிக் கொடுப்பது என்று கூச்சமாகிவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நன்றாகப் பாடக்கூடிய குரல் அது. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது, இதைச் செய்தது நான்தான்.

அவரைக் காப்பாற்றியது கமலம்மாவின் நல்ல பழக்கம். எவ்வளவு கோபம் இருந்தாலும் வந்த பலகாரத்துக்குப் பதில் வைக்க வேண்டும் என்று, அவர் ஒரு டப்பாவில் சர்க்கரை கொண்டுவந்திருந்தார். "தொகொள்ளி, நான் யார்தும் வெச்சுக்கறவ இல்ல" என்று வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பிரான்சிஸ் கையில் கொடுத்தார். அன்று காலை எல்லோரும் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவனும் டப்பாவைத் தூக்கி அடியைப் பார்த்தான். 'அருள்மேரி' என்றிருந்தது.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கமலம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். அடுப்பங்கரை அலமாரியில் எங்கள் வீட்டுக் குக்கர் மூடி இருந்தது, ஸ்டெல்லா அக்காவின் இரண்டு கிண்ணமும் இருந்தது. உடனே கமலம்மா ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்குள் நுழைந்தார். அங்கே அவருடைய ஒப்பட்டுத் தட்டின் ஜோடி அகப்பட்டது. அதன்பிறகு சந்துக்கு வெறி பிடித்துவிட்டது. ஒரு வீடு விடாமல் புகுந்தோம். விக்டர் சாரின் வீட்டில் எட்டுக் கரண்டிகள் கிடைத்தன, அதில் அவருடையது ஒன்று. எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: வெறும் பாத்திரமாக எப்படிக் கொடுப்பது என்று எடுத்து வைத்தோம். மதியத்துக்குள் நடுச்சந்தில் பாத்திரங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி விலை கேட்டார்.

ஸ்டெல்லா அக்காவும் கமலம்மாவும் ஒரு குழம்புக் குண்டான் யாருடையது என்று சண்டை போடத் தொடங்கியதில், பேசாமல் இருந்த வருடங்களெல்லாம் தானாக முடிந்துபோயின. இடையில் நான் ஏற்றி மறந்த சிக்கன் எங்கள் அடுப்பில் கருகுவதைப் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து சொன்னார்கள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு அன்று நாங்கள் சாப்பிட்டது கல்கல்.

அதற்கு மறுவருடத்திலிருந்து பலகாரம் பாக்குமட்டையில்தான் போகிறது. அன்பளிப்பாக எது வந்தாலும் எங்கள் சந்தில் முதலில் அடியைத்தான் பார்ப்பார்கள், சட்டைத் துணியாக இருந்தாலும் சரி.

இரண்டு வருடம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் ஸ்டெல்லா அக்கா. குழந்தையைக் கையில் வாங்கினார், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, மெதுவாகக் குப்புறத் திருப்பப் போனார். மாமியார் எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"திருப்பிப் பாக்க வேணாம் ஸ்டெல்லா. இது எங்க வூட்டுதுதான்."

மகளுக்கு இப்போது ஆறு வயது. நீ யார் வீட்டுப் பெண் என்று யாராவது கேட்டால், வாயைத் திறக்காமல் முதுகைத் திருப்பிக் காட்டுகிறாள்.