மேஜரின் உள்ளூர் மேற்பார்வையாளர்

புத்தகத்தைத் திறக்காமலே முதுகலைப் பட்டம் வாங்கிவிடுவது என்று மேஜர் சபதம் எடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இன்றுவரை சபதத்தை அவர் இம்மியளவும் மீறவில்லை.

பட்டத்தின் மேல் அவருக்கு ஆசை எதுவும் கிடையாது. பதவி உயர்வு மேல்தான் ஆசை. லெப்டினன்ட் கர்னல் ஆக வேண்டுமானால் இனிமேல் பாதுகாப்பு நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் கட்டாயம் என்று மேலிடம் ஒரு சுற்றறிக்கை விட்டது. வேலையை விட்டுவிட்டுப் போய்ப் படிக்க முடியாதவர்கள் இருந்த இடத்திலிருந்தே ராணுவக் கல்லூரியின் தொலைதூரக் கல்வியில் படிக்கலாம். புத்தகம் வீட்டுக்கு வரும், மாதம் ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும், கடைசியில் ஒரே ஒரு பரீட்சை. நாற்பத்திரண்டு வயதுக்குள் முடிக்காதவர்கள் ஓய்வு பெறும்வரை மேஜராகவே இருக்கலாம். நம் மேஜருக்கு நாற்பத்தொன்று முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

புத்தகங்கள் பதினான்கு வந்தன. அதில் பன்னிரண்டு பிரிக்காத கட்டாகவே அலமாரி மேல் ஏறின. ஒன்றைக் காணவில்லை. பதினான்காவது, எல்லாவற்றிலும் தடியானது, 'போர்க்கால விநியோகம்', வாஷிங் மெஷினின் குட்டைக் காலுக்கு அடியில் போய் அதன் ஆட்டத்தை அடக்கிவிட்டது. அந்தப் பாடத்தால் விளைந்த முதல் நன்மை அதுதான்.

கட்டுரைகளை யார் எழுதினார்கள் என்று கேட்கிறீர்களா? ராணுவத்தில் அதிகாரிகள் எதையும் எழுதுவதில்லை, கையெழுத்துதான் போடுவார்கள். மேஜர் பொறுப்பில் இருந்த கிடங்கில் ஒரு தலைமை எழுத்தர் இருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் கமா போடுவதால் அவருக்குக் கமா என்றே பெயர். அவர் மாதா மாதம் ஒரு கட்டுரை எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு நீட்டுவார். பெருக்கல் குறியைக் கண்டால் மேஜரின் பேனா தானாக இறங்கிவிடும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது கமாவை அவமதிப்பதாகும். பதினெட்டு மாதத்தில் கமா அந்தப் பாடத்தில் கரைகண்டவர் ஆகிவிட்டார்.

ஆனால் கட்டுரைகளுக்கு மதிப்பெண் கிடையாது. எல்லா மதிப்பெண்ணும் பரீட்சைக்குத்தான். தமக்குப் பதில் கமாவை அனுப்பினால் அவருடைய அடர்ந்த மீசை காட்டிக் கொடுத்துவிடும். மேஜர் யோசித்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சமையலறை வாசலில் வந்து நின்று மனைவியிடம் வெற்றியை அறிவித்தார்.

"வழி கண்டுபிடிச்சிட்டேன்."

மனைவி உயர்நிலைப் பள்ளியில் பதினாறு வருடமாகக் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டே அடுப்பையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"பரீட்சைக்கு. அது இந்த ஊர்லயேதான் நடக்கும். நாமளே ஒரு மேற்பார்வையாளரச் சொல்லலாம். கேள்வித்தாள் அவருக்குத்தான் வரும், அவர் முன்னாடி உட்கார்ந்து எழுதணும், அவரே உறை ஒட்டி அனுப்பிடுவார்."

"யாரச் சொல்லப் போறீங்க?"

"கொட்டாவி கேப்டன்."

டீச்சரின் சிவப்புப் பேனா நின்றது. கொட்டாவி கேப்டன் ஓய்வு பெற்றவர், அதிகாரிகள் கிளப்பின் செயலாளர். காலை பத்தரைக்கு நாற்காலியில் சாய்ந்தால் சாப்பாட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார். நடுவில் கிளப்பே தீப்பிடித்தாலும் அவருக்கு மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் தெரியும்.

"அவர் தூங்குவாரே."

"அதுதானே தகுதி."

"தூங்கினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"புத்தகத்தத் திறப்பேன்."

"அப்பவாவது திறக்கறீங்களே, சந்தோஷம்." அவள் பேனாவை மூடினாள். "போன வருஷம் பார்த்து எழுதி மாட்டினாரே ஒருத்தர், அவருக்கு வேலையே போச்சு. ஞாபகம் இருக்கா?"

"அவருக்கு வாய்ச்ச மேற்பார்வையாளர் முழிச்சிட்டு இருந்தாரு. எனக்கு அந்தப் பிரச்சனை இல்ல."

"இன்னும் மூணு மாசம் இருக்கே. படிச்சிடலாமே."

"இந்த வயசுல மண்டைல ஏறாது டீச்சரம்மா. சரி, மேற்பார்வையாளர் பேர் கேட்டு ஒரு படிவம் வந்திருக்கு. மேஜை மேல இருக்கு. கமா லீவுல போயிருக்கான். நீயே நிரப்பி வை, கையெழுத்துப் போட்டுடறேன். தபால்லயும் சேர்த்துடு."

அவள் பேனாவைத் திரும்பத் திறந்துகொண்டே, "சரிங்க" என்றாள்.

கல்யாணமான பதினான்கு வருடத்தில் அவள் இவ்வளவு சுருக்கமாகச் 'சரிங்க' சொன்ன சந்தர்ப்பங்கள் மூன்றே மூன்று. மூன்றுக்குப் பிறகும் என்ன நடந்தது என்பதை மேஜர் நினைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் தொலைக்காட்சியில் மேட்ச் ஆரம்பித்துவிட்டது.

கடைசி ஓவருக்கு முந்தைய ஓவரில் அவள் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். மின்சார அலுவலகத்துக்கு ஒன்று, பிள்ளைகளின் பள்ளிக்கு மூன்று, காப்பீட்டுக்கு இரண்டு, கல்லூரிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பென்சிலால் சின்னதாக, அழகாக, பெருக்கல் குறி. மேஜர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை. பேனா மட்டும் இறங்கி இறங்கி ஏறியது. ஏழாவது காகிதத்தில் கையெழுத்து விழுந்தபோது எதிர் அணியின் விக்கெட்டும் விழுந்தது. ரொம்ப நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. மேஜர் அதை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்து உட்கார்ந்துகொண்டு முடித்தார். தாங்கள் பரிந்துரைத்த கணித ஆசிரியை உள்ளூர் மேற்பார்வையாளராக அங்கீகரிக்கப்படுகிறார். தேர்வு முடியும்வரை அவருடைய அறிவுரைகளுக்குக் கட்டுப்படுவதாகத் தாங்கள் அளித்த உறுதிமொழி கோப்பில் வைக்கப்பட்டது. கீழே மேஜரின் கையெழுத்தின் நகல். பென்சில் குறிகூட மங்கலாகத் தெரிந்தது.

"இங்க வா" என்று கூப்பிட்டார். அவளும் வந்தாள்.

"இதென்ன அநியாயம்? இது எப்படி நடந்தது?"

"நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

"நான் படிக்கலையே."

"அதத்தானே நானும் ஒன்றரை வருஷமா சொல்றேன்."

"பொண்டாட்டி எப்படி மேற்பார்வையாளரா இருக்க முடியும்? விதி இருக்கும்ல?"

"பார்த்தேன். ஓய்வு பெற்ற அதிகாரி, இல்லேன்னா பத்து வருஷம் அனுபவம் உள்ள ஆசிரியர். பொண்டாட்டி கூடாதுன்னு யாரும் எழுதல. எழுதணும்னு யாருக்கும் தோணல போல. நானும் எதையும் மறைக்கல. உறவு முறைன்னு கேட்ட இடத்துல மனைவின்னே எழுதினேன். இயக்குநரே போன் பண்ணிக் கேட்டார், உறவுக்காரங்களாச்சே, சலுகை காட்ட மாட்டீங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"பதினாலு வருஷமா காட்டினதில்ல சார்னு சொன்னேன். அதுக்கு அவர், என் வீட்லயும் அப்படித்தாம்மா, உடனே அனுமதி குடுக்கறேன்னுட்டார்."

மேஜர் சும்மா இருப்பவரா? மேற்பார்வையாளரை மாற்றக் கோரி அன்றே கல்லூரிக்கு எழுதினார். தம் கைப்படவே எழுதினார். நான்கே நாளில் பதில் வந்தது. மாற்றலாம், தற்போதைய மேற்பார்வையாளரின் எழுத்துபூர்வமான சம்மதத்தை இணைத்தால். சம்மதக் கடிதத்தை அவரே தயாரித்து, பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, விடைத்தாள் கட்டுக்கு நடுவில் செருகி வைத்தார். மறுநாள் காலை அது அவர் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. இரண்டு எழுத்துப் பிழைகள் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருந்தன. பத்துக்கு மூன்று மதிப்பெண்.

அன்று சாயங்காலம் நேரடியாகவே பேசிப் பார்த்தார்.

"ஏன் இப்படிப் பண்ற? நான் கர்னல் ஆகறது உனக்குப் பிடிக்கலையா?"

டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்ததை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இதுவரைக்கும் ஒன்பது வீடு மாறியிருக்கோம். ஒவ்வொரு ஊர்லயும் பக்கத்து வீட்ல என்ன சொல்வேன் தெரியுமா? இவர் ரொம்பக் கெட்டிக்காரர், வெளிய காட்டிக்க மாட்டார்னு. பதினாலு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். ஒரு தடவையாவது அது உண்மைன்னு நான் பார்க்க வேண்டாமா? பார்த்து எழுதி நீங்க கர்னலானா, நான் சொன்னது பொய்யாயிடும். மாட்டிக்கிட்டா சோத்துக்கே வழியில்லாம போயிடும். ரெண்டும் எனக்கு வேண்டாம்."

மேஜருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கக் கோபப்பட்டுப் பார்த்தார், அதுவும் சரியாக வரவில்லை. நேரே போய் வாஷிங் மெஷினைத் தூக்கிப் புத்தகத்தை உருவினார்.

அடுத்த எட்டு வாரம் அந்த வீட்டில் துணி துவைக்கும்போதெல்லாம் பூகம்பம் வந்தது. காலை ஐந்து மணிக்கு மேஜர் எழுப்பப்பட்டார். கமா எழுதிய பதினெட்டுக் கட்டுரைகளையும் தாமே புதிதாக, கையால், கமா குறைத்து எழுதினார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே விநியோகப் பாதைகளை ஒப்பித்தார். தப்பினால் இன்னொரு வெங்காயம். அந்த வாரங்களில் அவர் வீட்டில் எல்லாவற்றிலும் வெங்காயம் இருந்தது. ஐந்தாவது வாரம் ஒரு விபரீதம் நடந்தது. பாடம் அவருக்குப் பிடித்துப்போனது. கிடங்கில் போய்க் கமாவோடு வாதம் செய்தார். கமா தோற்றார். அதிர்ச்சியில் அன்று முழுக்க அவர் ஒரு கமாகூடப் போடவில்லை.

இருந்தாலும் பழக்கம் லேசில் விடுமா? பரீட்சைக்கு முந்தைய நாள் மேஜருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறந்துவிட்டால்? இவ்வளவு பாடுபட்டும் ஓய்வு வரை மேஜர்தான் என்றாகிவிட்டால்? ஒரு துண்டுக் காகிதத்தில் பொடி எழுத்தில் முக்கியமானதை எல்லாம் எழுதி, குளியலறையில் மருந்துப் பெட்டிக்குள், இருமல் மருந்துப் பாட்டிலுக்குப் பின்னால் ஒட்டி வைத்தார். எதற்கும் இருக்கட்டும், பார்க்கப் போவதில்லை என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

பரீட்சை சாப்பாட்டு மேஜையில் நடந்தது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. பள்ளிக்குப் போவது போலவே உடுத்திக்கொண்டு டீச்சர் எதிரில் உட்கார்ந்தாள். சரியாகப் பத்து மணிக்கு உறையைக் கிழித்தாள்.

"அடையாள அட்டை."

"என்னத் தெரியாதா உனக்கு?"

"அட்டை."

காட்டினார். அவள் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படத்தில் தலைமுடி அதிகம் என்று குறித்துக்கொண்டாள்.

முதல் நான்கு கேள்விகள் ஓடிவிட்டன. ஐந்தாவது கேள்விக்குத்தான் பாதி மதிப்பெண். ஆற்றில் வெள்ளம், பாலம் போய்விட்டது, அக்கரையில் எண்ணூறு பேர், நான்கு நாளுக்குத் தண்ணீரும் உணவும் சேர்க்கத் திட்டம் தருக. மேஜருக்கு மூளை மழுங்கிப்போனது. பதினொன்று பத்துக்கு எழுந்தார்.

"குளியலறைக்குப் போகணும்."

"போங்க" என்றாள் அவள். கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதினாள்.

இவ்வளவு சுலபமா? மேஜர் உள்ளே போய்த் தாழ் போட்டு, மருந்துப் பெட்டியைத் திறந்து, இருமல் மருந்தை நகர்த்தினார். அவர் ஒட்டிய காகிதம் இல்லை. அந்த இடத்தில் வேறொரு சீட்டு இருந்தது. கையெழுத்து அவளுடையது.

'உங்க சீட்டு என்கிட்ட இருக்கு. நீங்க அது இல்லாமலே எழுதுவீங்க. முகம் கழுவிட்டு வாங்க.'

மேஜர் முகம் கழுவினார். குழாயில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தபோதுதான் பளிச்சென்று நினைவு வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அவர் கேப்டனாக இருந்தபோது, நிஜமாகவே ஒரு பாலம் போனது. எண்ணூறு இல்லை, ஆயிரத்து இருநூறு பேர். லாரி டியூபுகளில் தண்ணீர் பீப்பாய்களைக் கட்டி, கயிறு போட்டு இழுத்து, ஒருவரையும் பட்டினி போடாமல் கரைசேர்த்தவர் அவர்தான். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவர், அவள் "நேரம் முடிஞ்சது" என்று விடைத்தாளைப் பிடித்து இழுக்கும்வரை நிமிரவே இல்லை.

அவள் அறிக்கை எழுதி உறையில் வைத்து ஒட்டினாள்.

"என்னப் பத்தி என்ன எழுதின?"

"ரகசியம்" என்றாள்.

முடிவு வந்தது. நூற்றுக்கு எழுபத்தெட்டு. ஐந்தாவது கேள்விக்கு முழு மதிப்பெண். மேஜர் லெப்டினன்ட் கர்னல் ஆனார். டீச்சர் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெங்காயம் என்றாள். அன்று வெங்காயமே நறுக்கவில்லை.

புது நட்சத்திரம் குத்தும் விழாவுக்குக் கல்லூரி இயக்குநரே விருந்தினராக வந்தார். புதுக் கர்னல் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சுற்றியிருந்த இளம் அதிகாரிகளுக்கு, எந்த உதவியும் இல்லாமல் தாம் எப்படிப் படித்தார் என்று அரைமணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்தார். இயக்குநர் நேராக வந்தார். கர்னல் கையை நீட்டினார். இயக்குநர் அந்தக் கையைத் தாண்டிப் போய் டீச்சருக்கு வணக்கம் சொன்னார்.

"அம்மா, உங்க அறிக்கை மாதிரி ஒண்ண நான் பார்த்ததே இல்ல. அறிக்கைன்னா இப்படித்தான் எழுதணும்னு நாடு முழுக்க எல்லா முகாமுக்கும் நகல் அனுப்பிட்டோம்."

இளம் அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். கர்னலுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. முகாம் அறிவிப்புப் பலகையில் ஒரு வாரமாகத் தொங்கிய கல்லூரி நகலின் அடியில், 'பார்வையிட்டேன்' என்று தாமே கையெழுத்துப் போட்டிருந்தது ஞாபகம் வந்தது. விறுவிறுவென்று போய், வாழ்க்கையில் முதல்முறையாக, தாம் கையெழுத்துப் போட்ட ஒன்றை முழுதாகப் படித்தார்.

'தேர்வர் பதினொன்று பத்துக்குக் குளியலறைக்குச் சென்றார். எதிர்பார்த்துப் போனது கிடைக்காமல் ஆறு நிமிடத்தில் வெறுங்கையோடு திரும்பினார். அதன் பிறகு மிக நன்றாக எழுதினார்.'