அகராதி வைத்த பட்டங்கள்

எங்கள் திண்டுக்கல் லேடீஸ் ஹாஸ்டலில் அகராதியிடம் பட்டம் வாங்காத உயிர் கிடையாது, குளியலறைப் பல்லி உட்பட.

தொண்ணூறுகளின் கடைசி. டிகிரி முடித்த கையோடு, எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்காக நானும் அவளும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். ரெட்டியார்சத்திரம் பக்கம் தக்காளி போடுகிற வீட்டுப் பெண். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலப் பகுதிதான் எமன். பொருள், எதிர்ப்பொருள் என்று வாயில் நுழையாத சொற்களாகக் கேட்பார்கள். அவற்றை மனதில் நிறுத்த, ஒவ்வொரு சொல்லையும் ஓர் ஆளின் தலையில் கட்டிவிடுவாள். வாய்த்துடுக்கும் உண்டு. அகராதி என்ற பெயர் இரண்டுக்குமே பொருந்தியது.

அரைக் கரண்டி சாம்பார் ஊற்றும் வார்டன், 'பார்சிமோனியஸ்', அதாவது கஞ்சம். ஒருநாள் அது வார்டன் காதிலேயே விழுந்துவிட்டது.

"ஏடி, அப்படின்னா என்ன?"

"சிக்கனமா நிர்வாகம் பண்றவங்கன்னு அர்த்தம் மேடம்."

வார்டன் பூரித்துப்போனார். அடுத்த வாரம் மகளைச் சேர்க்க வந்த பெற்றோரிடம், "நான் கொஞ்சம் பார்சிமோனியஸ்" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

கோச்சிங் சென்டர் சாருக்கு 'வெர்போஸ்', அதாவது வளவளா. அவருக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. ஒருநாள் முழுக்க வெளியே நிற்கவைத்தார். ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள்: "ஆஸ்ட்ரசைஸ்னா ஒதுக்கிவைக்கிறது. இனி சென்மத்துக்கும் மறக்காதுடி!"

சிரிப்புக்கு அடியில் பயம் இருந்தது. "பாஸானா படி, இல்லாட்டி மாமன் மகனைக் கட்டிக்க" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். காய்ச்சலிலும் போர்வைக்குள் முனகியது ஆங்கிலச் சொற்களைத்தான்.

தேர்வு முடிவு வந்தபோது, ஆங்கிலத்தில் என்னைவிட எவ்வளவோ அதிகம் வாங்கியிருந்தாள். கோயம்புத்தூர் கல்லூரியில் இரண்டு பேருக்கும் இடம். சேதி சொல்ல அவள் ஊருக்கு நானும் கூடப் போனேன். தோட்டத்தில் அப்பா தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்புட்டுத் தூரமெல்லாம் வேணாம் தாயி."

"பாஸானா படின்னு சொன்னீங்கல்லப்பா?"

"இங்கிலீசுல நீ எங்க பாஸாகப் போறேன்னுதான் சரின்னேன்."

குரலில் கோபம்கூட இல்லை. சொத்தைப் பழத்தைப் பொறுக்கி எறிந்தபடியே சொன்னார். நின்று பார்த்துவிட்டு, அவளும் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

ஹாஸ்டல் அறையைக் காலி செய்யத் திரும்பும் பஸ்ஸில் என்னால் பொறுக்க முடியவில்லை. "உங்கப்பாவுக்கு என்ன வார்த்தை வைக்கப்போற?"

விரலில் காய்ந்திருந்த தக்காளி விதையைச் சுரண்டினாள்.

"நெறைய இருக்குடி. வைக்க மனசு வரல."

ஆவணியில் கல்யாணம். மாமன் மகன் தங்கமானவர் என்று எல்லாரும் சொன்னார்கள், இருக்கலாம். அவர் இல்லை அவள் கேட்டது.

கோயம்புத்தூர் வகுப்பில், முதல் வாரம் முழுக்க, என் பக்கத்து இடத்தில் பையை வைத்திருந்தேன். ஆள் வருதா என்று கேட்டவர்களிடமெல்லாம், வருது என்றேன்.