பிக்குணி மடத்தில் நான் அடித்த மணி

கோயிலில் மணியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. அது எங்கள் ஊர் ஆனைக்குட்டமா ஜப்பானா என்றெல்லாம் கைக்குத் தெரியாது.

சில வருஷங்களுக்கு முன், ஜப்பானில் வேலை பார்க்கும் மகள் செல்வியைப் பார்க்க நானும் மனைவியும் போயிருந்தோம். மலையடிவாரக் கிராமம் ஒன்றில் இருந்த பழைய பிக்குணி மடத்துக்கு, பௌத்தப் பெண் துறவிகள் வாழும் இடத்துக்கு, அழைத்துப் போனாள்.

"அப்பா, அங்கன சத்தமே போடக் கூடாது" என்று பஸ்ஸிலேயே எச்சரித்தாள்.

(நான் பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன். சத்தம் போடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன்.)

மடத்துக்குள் நுழைந்தோம். முற்றம் முழுக்கப் பச்சைப் பாசி. வயதான தலைமைப் பிக்குணி உதிர்ந்த இலைகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். துடைப்பம் பட்டால் பாசி பெயர்ந்துவிடுமாம். பட்டாசு மருந்து கலக்கும் அறையில்கூட எங்கள் ஆட்கள் அவ்வளவு பதமாகக் கைவைத்து நான் பார்த்ததில்லை.

வாசலோரம் ஒரு மணி தொங்கியது. பக்கத்திலேயே சுத்தியல். கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓங்கி அடித்தேன். ஓசை மலையில் முட்டித் திரும்பியது. அருமையாக இருக்கவே, குடும்பத்தில் ஆளுக்கொன்றாக வேண்டிக்கொண்டு விடாமல் அடித்தேன்.

செல்வி ஓடி வந்தாள். "ஐயோ அப்பா, நிறுத்துங்க! ஊர்ல தீப்பிடிச்சா அடிக்கிற மணிப்பா அது!"

அதற்குள் தலைக்கவசமும் தண்ணீர்க் குழாயுமாக ஊர்க்காரர்கள் மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டார்கள். செல்வி எல்லாத் திசையிலும் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று ஒருவர் கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். அத்தனை பேரும் என் சட்டைப்பையைப் பார்த்தார்கள்.

"கம்பெனிக்குள்ள தீப்பெட்டி கொண்டாந்தா கைய ஒடிப்பேம்பீக. இங்கன வந்து ஊரையே கூட்டிட்டீகளே!" என்றாள் மனைவி.

வெட்கம் தாங்காமல் பிக்குணியின் காலில் விழப் போனேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, வாய்விட்டுச் சிரித்தார். வந்த எல்லோரையும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். பிறகு செல்வியிடம் ஏதோ சொன்னார்.

"மணி அடிச்சா ஆளுக வருவாகளான்னு அவுகளுக்கு ரொம்ப நாளாச் சந்தேகமாம்ப்பா. வந்துட்டாகள்ல, இனிமே நிம்மதியாத் தூங்குவோம்னு சொல்றாக."

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், அடித்தவனை அந்த மணியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருப்பேன்.

இப்போது வருஷா வருஷம், நான் மணி அடித்த அதே நாளில், அங்கே தீயணைப்பு ஒத்திகை நடக்கிறது. செல்வி குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போடுவாள். என் மனைவி அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்து சொல்வாள்:

"ஊர்ல யாருக்குக் குடுத்துவச்சிருக்கு? உங்க பேர்ல ஜப்பான்ல திருவிழாவே நடத்துதாக!"