எல்லாருடைய குப்பையும் என் கூடையில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுகிறேன். இங்கே வீட்டில் அனைவரும் சுகம். அங்கே என் தங்கையும் குழந்தைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஏனென்றால் விஷயம் உங்களால் வந்தது.

போன விடுமுறையில் நீங்கள் வந்திருந்தபோது, எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்து யூனிக்ஸ் கணினியைப் பற்றிப் புலம்பினேன். கருப்புத் திரை, எதற்கெடுத்தாலும் ஒரு கட்டளையைத் தட்ட வேண்டும், ஒரு புள்ளி பிசகினால் முறைத்துக்கொண்டு நிற்கும் என்றேன். நீங்கள் சிரித்துவிட்டு, "மச்சான், அது நாம சொல்றபடி கேக்கும். உங்க கணக்குல ஒரு அமைப்புக் கோப்பு ஒளிஞ்சிருக்கும், அதுல உங்களுக்குப் பிடிச்ச மாதிரி எழுதிக்கோங்க" என்றீர்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எப்படி எழுதுவது என்று ஒரு தாளில் குறித்தும் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

நானும் எழுதினேன். ஒரு முழம் நீளக் கட்டளைகளை எல்லாம் இரண்டு எழுத்தாகச் சுருக்கினேன். திரை நம் கட்டளைக்காகக் காத்திருக்கும் இடத்தில் "சொல்லுங்க ஐயா" என்று வரவைத்தேன். அந்தத் திரைக்குத் தமிழ் சரியாக வராது, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகத்தான் நின்றது. இருந்தாலும் இருபத்திரண்டு வருஷ வேலையில் என்னை ஐயா என்று கூப்பிட்டது அது ஒன்றுதான். பிறகு அழிக்கும் கட்டளைக்கு வந்தேன். அதற்கு ஈவிரக்கம் கிடையாது, அழித்தால் அழித்ததுதான். அதனால் எதை அழிக்கச் சொன்னாலும் அழிக்காமல், என் கணக்கில் 'கூடை' என்று ஒரு கோப்புறையில் கொண்டுபோய்ப் போடும்படி மாற்றினேன்.

ஒருநாள் எங்கள் மேலாளர் என் இடத்தில் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டுகிறவர். அவர் ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வந்துவிடும். திரை அவரையும் ஐயா என்றது. மனுஷர் குளிர்ந்துபோய், "எல்லாருக்கும் இதையே போட்டுக் குடுங்க" என்றார். என் கோப்பை அப்படியே எல்லார் கணக்கிலும் நகலெடுத்து வைத்தேன். அதன்பின் யார் எதை அழித்தாலும் 'அனுமதி இல்லை' என்று திரை அடம்பிடித்தது. உங்கள் தாளைப் பார்த்து, கூடையை எல்லாருக்கும் திறந்துவிட்டேன். அடம் நின்றது. ஏன் அடம்பிடித்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். நகலெடுத்த கோப்புகள் எல்லாவற்றிலும் எழுதியிருந்தது என்னுடைய கூடையின் விலாசம். ஆக, அலுவலகம் முழுவதும் தூக்கிப் போடுவதெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது.

மதிய இடைவேளையில் திறந்து பார்த்தேன். தப்புதான். பதிவேடு எழுதும் அம்மா வேறொரு கூடத்துக்கு எழுதிய வேலை விண்ணப்பம் நாலு வரியில் நின்றுபோயிருந்தது. வண்டி ஓட்டுநர் எழுதிய மன்னிப்புக் கடிதங்கள் ஏழு, எல்லாம் ஒரே மனைவிக்கு. அதற்கு அடியில் மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய ஒரு கடிதம். பிரிவுத் தலைவர் இந்த மாசக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், அடுத்தது நான்தான் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி இப்படி இருந்தது: "நல்ல மனிதர். ஆனால் திரையை அலங்கரிக்கும் அக்கறையைத் தண்ணீரில் காட்டுவதில்லை. வேறொருவரைப் பரிசீலிக்கவும்."

மனம் மாறித் தூக்கிப் போட்டாரா, அச்செடுத்து அனுப்பிவிட்டுத் தூக்கிப் போட்டாரா? அவரிடமே கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். ஒற்றை விரலால் அத்தனை வரி தட்டவேண்டுமென்றால் மனுஷருக்கு என் மேல் எவ்வளவு வன்மம் இருக்க வேண்டும். என் மனைவியிடம் சொன்னேன். "அடுத்தவங்க குப்பையைக் கிளறுறவருக்கு எதுக்குத் தலைவர் பதவி? போய் ஒத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். நாளைக் காலை ஒத்துக்கொள்வதாக இருக்கிறேன். அதற்குள், அவரவர் குப்பை அவரவரிடமே போய்ச்சேர எந்த வரியை மாற்ற வேண்டும் என்று தெரிவிக்கவும்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். நீங்கள் நீண்ட காலம் நலமாக இருக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது எதையும் சொல்லித் தராமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மச்சான்

பின்குறிப்பு: இதை அலுவலகக் கணினியில்தான் தட்டினேன். முடித்ததும் வெட்கமாகப் போய்விட்டது, அழித்துவிட்டேன். கால் மணி நேரத்தில் பதிவேட்டு அம்மா வந்து நின்றார். "அண்ணே, என் விண்ணப்பத்தைப் பத்தி உங்க மாப்பிள்ளைக்கு ஏன் எழுதுறீங்க?" என்றார். கூடையைக் குப்பை போடுவதற்கு மட்டும் திறந்ததாக நினைத்திருந்தேன், படிப்பதற்கும் திறந்திருக்கிறேன். ஓட்டுநரைத் தவிர எல்லாரும் ரொம்ப நாளாகப் படிக்கிறார்களாம். ஏழு கடிதத்தில் எது நல்ல கடிதம் என்று வாக்கெடுப்பே நடந்ததாம். "மேலாளருமா?" என்றேன். "அவருக்குப் போன வாரம்தான் தெரிஞ்சது. இப்ப அவர்தான் முதல் ஆளா பார்க்கிறார். உங்களைப் பத்தின அந்தக் கடிதம் மனசு மாறித் தூக்கிப் போட்டதுண்ணே. அப்புறம் உங்க பேரையே எழுதி வச்சுட்டார், சாயங்காலம் அனுப்பணும்னு சொல்லிட்டிருந்தார்" என்றார். பிறகு மேலாளர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "உங்க கடிதத்தை இப்பதான் திறந்திருக்கார்" என்றார்.

எல்லாரும் படித்தபிறகு உங்களுக்கு மட்டும் எதற்கு மறைக்க வேண்டும் என்று, கூடையிலிருந்து எடுத்து அனுப்புகிறேன். பதிலை வீட்டு விலாசத்துக்கே போடவும். நாளை முதல் எனக்கு எந்த நாற்காலி என்று தெரியவில்லை.